மகள் / மனைவி: ஒரு படிவத்தை வாசித்தல்

மத்திய அரசுப் பணிகளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பவர்கள் இணைக்க வேண்டிய சான்றிதழுக்கு மாதிரிப் படிவங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு பக்கம்தான். நாட்டுக்காக ஆடியிருந்தால் முதல் படிவம், மாநிலத்துக்காக ஆடியிருந்தால் இரண்டாவது, பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருந்தால் மூன்றாவது, பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் நான்காவது. மைதானத்தில் யாரும் இதைச் சான்றிதழ் என்று சொல்வதில்லை. “ஃபார்ம் டூ இருக்கா?” என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பக்கத்தின் முதல் வரியில் திரு, திருமதி, குமாரி என்று மூன்று அடைமொழிகள். அடுத்து ஆடியவரின் பெயர். அதற்கடுத்து, இன்ன திருவாளரின் மகன் / மனைவி / மகள். பொருந்தாததை அடித்துவிட வேண்டும். எந்த விளையாட்டு, எந்த ஊரில், எந்த ஆண்டில், எத்தனையாவது இடம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஆணுக்கு அங்கே ஒரே உறவு. அறுபது வயதானாலும் அவன் மகன்தான். பெண்ணுக்கு இரண்டு உறவுகள். ஒன்றை அடித்தால்தான் இன்னொன்று நிற்கும். அவளைப் பெற்றவளின் பெயருக்கு அந்த வரியில் இடமே இல்லை.

நாவலையும் சினிமாவையும் நாம் வரிவரியாக வாசித்து விமர்சிக்கிறோம். படிவத்தை வாசிப்பதில்லை, நிரப்புகிறோம். ஆனால் ஒரு பெண் படிப்பைத் தொடர்வாளா, வேலைக்குப் போவாளா, அந்த வருடமே அவளுக்குக் கல்யாணம் நடக்குமா என்பதை ஒரு கவிதைத் தொகுப்பைவிட இந்த ஒற்றைப் பக்கம் அதிகமாகத் தீர்மானிக்கிறது. ஆகவே இதையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். யார் எழுதியது, யாரை மனதில் வைத்து எழுதியது, எழுதும்போது யாரை மறந்துபோனது என்று கேட்க வேண்டும்.

வாசிக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய தோல் தொழில் வட்டாரம். விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரம் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். உள்ளே பெரும்பாலும் பெண்கள், மடியில் சாப்பாட்டுப் பை. தோலை ஊறவைத்துப் பதனிடும் இடத்தில் ஆண்கள் அதிகம். அப்பர் தையல், ஒட்டு வேலை, பேக்கிங் என்று ஷூ கம்பெனிக்குள் வந்தால் பெண்கள்தான் அதிகம்.

கம்பெனியும் ஆள் எடுக்கிறது, கல்லூரியும் ஆள் எடுக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கம்பெனிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி கூட்டிப்போய் நிறுத்தினால் போதும். ஆடி மாதம் போனாலும் எடுப்பார்கள், தை மாதம் போனாலும் எடுப்பார்கள். பஸ் ஊருக்கே வரும். கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீடு அப்படி இல்லை. மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும். அதை ஒட்டிய சில வாரங்களுக்குள் விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு, தேர்வு ஆட்டம் எல்லாம் முடிந்துவிடும். தேர்வு ஆட்டம் காலை ஏழு மணிக்கு வேறோர் ஊரில் நடக்கும். முதல் நாளே போய்த் தங்க ஓர் இடம் வேண்டும். தேதி தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கதவு வருடம் முழுக்கத் திறந்திருக்க, இன்னொன்று சில வாரம் மட்டும் திறந்து மூடினால், பெண்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒதுக்கீடே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மாநில அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. கலைக் கல்லூரிகள் பல, நன்றாக ஆடும் பெண்களுக்குக் கட்டணமும் விடுதியும் சாப்பாடும் தந்து சேர்த்துக்கொள்கின்றன. கூலிக்குப் போகும் வீட்டுப் பெண்ணுக்குக் கபடியும் கோ-கோவும் கல்லூரிக்குப் போக ஒரு வழி. அந்த வழி மெய்யானது என்பதால்தான் அதன் விதிகளை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விதி எதை எண்ணுகிறது? நாடு, மாநிலம், பல்கலைக்கழகம் என்று படிவங்கள் இருக்கின்றன. மாவட்டத்துக்காக ஆடியதற்குப் படிவமே இல்லை. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஒரு மாவட்ட அணி இருந்த இடத்தில் மூன்று அணிகள் வந்தன. மாவட்டத்துக்காக ஆடும் பெண்களின் எண்ணிக்கையும் அதனால் கூடியிருக்கும். ஆனால் எண்ணப்படுவது அதற்கு அடுத்த படிதான். அந்தப் படியில் ஏற ஆட்டம் மட்டும் போதாது. ஊரைவிட்டுப் போக வேண்டும், இரண்டு மூன்று இரவு தங்க வேண்டும், கூடவே ஒரு பெண் ஆசிரியர் வர வேண்டும், வீட்டில் சரி என்று சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமம். கோ-கோ ஆடுவாள். ஒன்பதாம் வகுப்பிலேயே மாவட்ட அணியில் இருந்தாள். பத்தாம் வகுப்பில் மாநிலப் போட்டிக்குப் பெயர் வந்தது. அவள் வயதுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பள்ளியில் இருந்தது ஆண் பி.டி. மாஸ்டர் ஒருவர் மட்டும். “மூணு நாள் வெளியூர்ல தங்கணும்னா எப்டி மேடம் அனுப்புறது? கூட லேடீஸ் யாரு வராங்கன்னு கேட்டேன், யாருமில்லன்னாங்க” என்று அவள் அம்மா பிறகு என்னிடம் சொன்னார். அந்தக் கேள்வியில் ஒரு தவறும் இல்லை. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் யாரும் இல்லை என்பதுதான் தவறு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஒரு கல்லூரித் தேர்வு ஆட்டத்துக்கு அவள் வந்தபோது, அவள் ஓட்டத்தைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு அந்தக் கேள்வி வந்தது. அவளிடம் பிளாஸ்டிக் கவருக்குள் பதினொரு சான்றிதழ்கள் இருந்தன. எல்லாம் மாவட்ட அளவு. கட்டணச் சலுகை இல்லை. அடுத்த மாதமே கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அவளிடம் எது குறைந்தது? திறமை குறையவில்லை. பத்தாம் வகுப்பில் மூன்று நாளுக்கான அனுமதி குறைந்தது. படிவம் அளப்பது திறமையை மட்டுமல்ல, அவளுக்குக் கிடைத்த அனுமதியையும்தான். ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை, இரண்டையும் சேர்த்து ‘தகுதி’ என்று பெயரிட்டுவிடுகிறது. மாநிலச் சான்றிதழ் வைத்திருக்கும் பையனும் உழைத்துத்தான் வாங்கியிருப்பான். ஆனால் அவனிடம் கூட யார் வருகிறார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விதியின் காலக்கணக்கு இதைவிடக் கூர்மையானது. சேர்க்கைக்குப் பொதுவாக எண்ணப்படுவது பள்ளியின் கடைசி ஆண்டுகளில் வாங்கிய சான்றிதழ்கள். மாநில அரசின் விளையாட்டு விடுதிகளுக்கு ஆள் எடுப்பது 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில். அதாவது பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வரை. எந்த விளையாட்டுப் பயிற்சியாளரைக் கேட்டாலும் இது சரியான வயது என்பார். உடல் வளரும் காலம், கற்றுக்கொள்ளும் காலம். பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் அதே ஆண்டுகளில்தான் அவள் உலகம் சுருங்குகிறது. மஞ்சள் நீராட்டு முடிந்ததும் அரைக்கால் சட்டை போகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே நிற்பது போகிறது. தம்பியைப் பார்த்துக்கொள்வதும் இரவுச் சமையலும் வந்து சேர்கின்றன, ஏனென்றால் அம்மா ஓவர்டைம் முடிந்து எட்டு மணிக்குத்தான் வருவார். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். பெண்ணை வீடு இறுக்கிப் பிடிக்கும் ஆண்டுகளும் அரசு எண்ணிப் பார்க்கும் ஆண்டுகளும் ஒன்றாகவே இருக்கின்றன. விதியை எழுதியவர்களுக்குப் பெண்கள்மீது விரோதம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பையனின் பருவத்தை மனிதப் பருவம் என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்த இறுக்கத்தை ஒரு மதத்தின் தலையிலோ ஒரு தெருவின் தலையிலோ கட்டுவது எங்கள் பக்கத்தில் சுலபம். முஸ்லிம் வீடுகளில் அனுப்ப மாட்டார்கள் என்று ஒரு பேச்சு, சேரிப் பெண்களுக்குப் படிப்பில் அக்கறையில்லை என்று இன்னொரு பேச்சு. தேர்வு ஆட்ட மைதானத்தில் முழுக்கால் சட்டையும் தலையில் துணியும் கட்டி ஓடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மகளைக் கூட்டிவந்து, அரைநாள் சம்பளத்தை இழந்து, மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தோல் ஷாப்புத் தொழிலாளிகளையும் பார்த்திருக்கிறேன். அனுப்பாத வீடுகள் எல்லாச் சாதியிலும் எல்லா மதத்திலும் உண்டு. வேறுபாடு இதுதான்: வசதியுள்ள வீடு அனுப்பத் தீர்மானித்தால் காரில் அனுப்பும். வசதியில்லாத வீடு தீர்மானித்தாலும் அனுப்ப வழியிருக்காது.

படிவத்தின் கடைசி வரியையும் வாசிக்க வேண்டும். தேசிய, மாநிலச் சங்கங்கள் தரும் சான்றிதழில், சங்கத்தின் செயலாளர் தம் கையால் இட்ட கையெழுத்து இருந்தால்தான் செல்லும் என்று ஒரு குறிப்பு உண்டு. போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த குறிப்பு அது; நோக்கம் நியாயமானது. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? ஆடி முடித்த அன்றே அந்தத் தாள் எல்லோர் கைக்கும் வந்துவிடுவதில்லை. பதினேழு வயதுப் பெண், செயலாளர் எந்த ஊரில் இருக்கிறார், எப்போது இருப்பார் என்று விசாரித்துப் போய்க் கேட்டு வாங்க வேண்டிவருகிறது. சங்கங்களின் செயலாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஒரு கையெழுத்துக்காக ஒரு பெண் ஒரு ஆணின் சௌகரியத்துக்குக் காத்திருக்கும்போது, அந்தக் காத்திருப்புக்குள் என்னவெல்லாம் நுழைய முடியும் என்பதை இந்த நாட்டின் விளையாட்டு வீராங்கனைகள் 2023இல் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து சொன்னார்கள். முதல் வரியில் ஓர் ஆணின் பெயர், கடைசி வரியில் ஓர் ஆணின் கையெழுத்து. இடையில் அவள் ஓடிய ஓட்டம்.

தாளில் எல்லாம் சரியாக இருந்தும் உடலையே சான்றிதழாகக் கேட்டதும் இங்கே நடந்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனைக்குப் பிறகு அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. பின்னாளில் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். நெடுநாள் கழித்துத்தான் பயிற்சியாளர் பணி கிடைத்தது. ஓடியவர் ஆண்தானா என்று எந்த ஆண்கள் போட்டியிலும் யாரும் சோதித்ததில்லை. ‘தகுதி’ என்ற சொல்லைப் பெண்களிடம் மட்டும் எவ்வளவு ஆழம்வரை தோண்டிப் பார்க்கிறார்கள் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

நம் சினிமா இந்தத் தாளைக் கண்டுகொண்டதே இல்லை. ‘இறுதிச்சுற்று’ (2016), ‘கனா’ (2018), ‘பிகில்’ (2019) மூன்றும் பெண்கள் ஆடும் படங்கள். பெண்களுக்கு உற்சாகம் தந்தவை. என் மாணவிகள் இவற்றைப் பலமுறை பார்த்தவர்கள். மூன்றிலும் ஓர் ஆண் பயிற்சியாளர் வருகிறார். அவர் பார்வையில் பட்டால் போதும், அவள் தேர்வாகிவிடுவாள். ‘கனா’வில் அப்பா அனுமதி தருகிறார், ‘பிகில்’லில் நாயகனே வீடுவீடாகப் போய் அனுமதி வாங்கித் தருகிறான். அனுமதிதான் சிக்கல் என்று இந்தப் படங்களுக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் அதை ஒரு நல்ல ஆணின் மனசு தீர்த்துவைக்கும் சிக்கலாகக் காட்டுகின்றன. கூட வர ஒரு பெண் ஆசிரியர் பணியிடம், தங்க ஒரு விடுதி, முன்கூட்டியே சுவரில் ஒட்டப்பட்ட ஒரு தேதி என்று தீர்க்கக்கூடிய சிக்கலாகக் காட்டுவதில்லை. கடைசிப் பந்தில் வெற்றி கிடைக்கிறது, கைதட்டிவிட்டு வருகிறோம். எங்கள் பெண்கள் தோற்பது கடைசிப் பந்தில் அல்ல, மே மாதத்தில் ஒரு மேசைக்கு முன்னால். அந்தக் காட்சியை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

விதிகள் மாறுமா என்று கேட்டால், மாறிய ஓர் இடத்தைச் சொல்லலாம். லக்ராஸ் என்று ஒரு விளையாட்டு, வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. நுனியில் வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடுவது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதுவும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் லக்ராஸ் அணிகள் வளர்ந்ததற்குப் பின்னால் 1972ஆம் ஆண்டின் ஒரு சட்டம் இருக்கிறது: அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் எதுவும் பாலினத்தைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்றது அது, விளையாட்டும் அதற்குள் வந்தது. பிறகு கல்லூரிகள் போட்டிபோட ஆரம்பித்தன. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் போய், எங்கள் கல்லூரிக்குத்தான் வருவேன் என்று வாய்வாக்கு வாங்கும் அளவுக்குப் போயிற்று. பயிற்சியாளர்களே இது குழந்தைகளுக்கு நல்லதல்ல என்று கேட்டுக்கொள்ள, 2017இல் விதி மாறியது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன்னால் முதல்நிலைக் கல்லூரிப் பயிற்சியாளர் யாரும் அந்தப் பெண்ணோடு சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது.

அந்த ஊரைச் சொர்க்கம் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. லக்ராஸ் கோலும் கிளப் கட்டணமும் வாங்க முடிகிற வீட்டுப் பெண்களுக்குத்தான் அங்கே அந்தக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. எனக்கு அதில் இரண்டு விஷயங்கள்தான் முக்கியம். ஒன்று, நாட்காட்டி இயற்கை அல்ல. மனிதர்கள் போட்டது, அதில் ஒரு தேதியை மனிதர்களால் மாற்ற முடிந்தது. இரண்டு, அங்கே பெண்ணைத் தேடிப்போவது கல்லூரியின் வேலை. அப்படித் தேடுவதற்குத்தான் கட்டுப்பாடு. இங்கே கல்லூரியையும் செயலாளரையும் தேதியையும் தேடிப்போவது பெண்ணின் வேலை.

தேடிவந்த நிறுவனம் எங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்று பெண்களைச் சாகவிட்ட காலத்தில், ஐடா ஸ்கடர் முதலில் வீடுகளைத் திருத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஆண்கள் அங்கே சேர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்ணின் கட்டுப்பாடு எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கு நிறுவனம் நகர்ந்து வந்தது. காட்பாடியிலும் வேலூரிலும் வாணியம்பாடியிலும் பெண்கள் கல்லூரிகள் இருப்பதால்தான் இன்றைக்கும் பல வீடுகள் பெண்ணைப் படிக்க அனுப்புகின்றன. விளையாட்டுக்கு மட்டும் அந்த நகர்வு நடக்கவில்லை.

என்ன செய்யலாம்? மாவட்டச் சான்றிதழுக்கும் ஒரு படிவமும் மதிப்பெண்ணும் தரலாம். பெண்களுக்கு எண்ணப்படும் ஆண்டுகளை முன்னும் பின்னும் நீட்டலாம். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆட இருபத்தைந்து வயதுவரை இடமிருக்கிறது. இருபது வயதில் படிக்கத் திரும்பும் பெண்ணுக்கு அதுவரை ஆட முடியும், சேர்வதற்குத்தான் அவளுடைய பள்ளிச் சான்றிதழ் காலாவதியாகிவிடுகிறது. தேர்வு ஆட்டத்தை ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் ஒருநாள் நடத்தலாம். பெண் ஆசிரியர் இல்லாமல் பெண்கள் அணி புறப்படக் கூடாது என்பதோடு, ஆசிரியரைத் தருவது அரசின் பொறுப்பு என்றும் எழுதலாம். சான்றிதழைப் போட்டி முடிந்த அன்றே மைதானத்தில் தந்துவிடலாம். முதல் வரியில் தாயின் பெயரை எழுத இடம் விடலாம். எதற்கும் பெரிய செலவில்லை.

அதுவரை, இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒன்று: கல்லூரி தருவதாகச் சொல்லும் சலுகையை எழுத்தில் கேளுங்கள். அடிபட்டு ஆட முடியாமல் போனால் கட்டணம் என்ன ஆகும் என்று சேரும் முன்பே கேளுங்கள். ஆடிய ஒவ்வொரு போட்டிக்கும் தாளை அன்றைக்கே கேட்டு வாங்கி வையுங்கள். கேட்பது அடாவடி இல்லை.

அந்தப் பெண் இப்போது அப்பர் தையலில் இருக்கிறாள். இரண்டு வருடமாயிற்று. போன மாதம் கூப்பிட்டு, “மேடம், இப்ப சேர முடியுமா?” என்று கேட்டாள். முடியும், ஆனால் முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றேன். எவ்வளவு என்று கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் தறி ஓடுவதுபோல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. “சேத்துட்டு வரேன் மேடம். அதுக்குள்ள வீட்ல மாப்ள பாத்துடாம இருக்கணும்” என்றாள். படிவத்தில் எந்தச் சொல்லை அடிப்பது என்று முடிவாவதற்குள் அவள் வந்து சேர வேண்டும்.